பங்களாவும் லயமும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை வழியே கேமரன் மலைக்குச் செல்வோர், தானா ராத்தாவைக் கடந்ததும் ஒரு விந்தையைக் காண்பர். வெள்ளைச் சுவர், அதன்மேற் கருமரச் சட்டங்கள், செங்குத்தான கூரை, புகைபோக்கி. பகாங் மாநிலத்து மலைமேல் இங்கிலாந்தின் பழைய ஊரொன்று பெயர்ந்து வந்து அமர்ந்ததோ என ஐயுறத் தோன்றும். அவ்வீடுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதார் சிலரே. அதே மலையின் தேயிலைச் சரிவுகளில் நம்மவர் மூன்று தலைமுறையாய் வாழ்ந்த லயங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார் எவர்? இவ்விருவகை வீடுகளின் சரித்திரத்தையும் ஒருங்கே நோக்குவதே நமது கருத்து.

1885இல் வில்லியம் காமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் 'கண்டுபிடித்தார்' என நூல்கள் கூறும். அவர் வருமுன்னரே செமாய் மக்கள் இக்காடுகளில் வாழ்ந்து வந்தனர் என்பதை அந்நூல்கள் மெல்லக் கடந்துவிடும். பின்னர் நாற்பது ஆண்டுகள் எவரும் அதனைப் பெரிதாக நாடவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கு வந்து, மலாயாவின் வெப்பத்தில் வாடிய வெள்ளையர் இளைப்பாறத் தக்க இடம் இதுவெனக் கண்டார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை சாலை முடிந்தது. சாலை வந்ததும் துரைமாரின் விடுமுறை இல்லங்களும், விடுதிகளும், அவர்தம் குழந்தைகளுக்கெனப் பள்ளியும் ஒவ்வொன்றாய் எழுந்தன.

பல வாரக் கப்பற்பயணத்துக்கு அப்பால் இருந்த தாய்நாட்டை நினைந்து ஏங்கிய துரைமக்கள், தம் வீடுகளுக்குத் தெரிந்தெடுத்த வடிவம் டியூடர் வடிவம். 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மன்னர் காலத்து வீட்டில் மரச்சட்டமே எலும்புக்கூடு. கூரையின் பாரம் முழுவதையும் அதுவே தாங்கும். சட்டங்களின் இடைவெளியை மிலாறும் களிமண்ணும் கொண்டு அடைத்துச் சுண்ணம் பூசுவர். பிற்காலத்தில் அவ்வடிவைப் பின்பற்றியோர் கட்டிய வீடுகளிலோ, பாரத்தைச் சுவரே தாங்கும். கருஞ்சட்டமோ பெரும்பாலும் சுவரின்மேல் அறைந்த வெறும் பலகை. உடம்பிற் குத்திய பச்சையை எலும்பு என்று கூறுவது போன்றதே இது.

இதற்காக மலாயாத் துரைமாரை மட்டும் நகைப்பதற்கில்லை. இங்கிலாந்திலேயே செஸ்டர் என்னும் புகழ்பெற்ற பழைய ஊரில், காண்போர் பழைமை எனப் போற்றும் கறுப்பு வெள்ளை வீடுகளுட் பல பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவை. ஊரின் நடுவே நாற்சந்தியில் நிற்கும் பெயர்பெற்ற கட்டடத்தை லாக்வுட் என்னும் கட்டடக் கலைஞர் கட்டியது 1888இல்தான். பழைமையைப் பார்த்துச் செஸ்டர் எழுதிய நகல் அது. அத்தகைய நகலைப் பார்த்து எழுதியது கேமரன் மலை. இன்று பிரிஞ்சாங்கில் பல அடுக்கு விடுதிகள் கான்கிரீட்டால் எழுந்து, முகப்பிற் கறுப்புப் பட்டைகளைத் தரித்து நிற்கின்றன. நகலுக்கு நகல், அந்நகலுக்கும் ஒரு நகல்!

நிற்க. லயத்துக்கு வருவோம். நீண்ட ஒரே கூரை, அதன்கீழ் வரிசையாய் அறைகள், முன்னே ஒடுங்கிய திண்ணை, எல்லார்க்கும் பொதுவாய் ஒரு தண்ணீர்க் குழாய். ஓர் அறையில் ஒருவர் இருமினால் அடுத்த அறையில் உறங்குவோர் விழித்துக்கொள்வர். விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்ல வேண்டும். எவ்வித அலங்காரமும் இல்லாத இக்கட்டடம் ஓர் உண்மையை ஒளியாமற் கூறிற்று: வேலை உள்ளவரையே வீடு. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை நிறுத்திய பின்னர், முன்னமே வந்தோர் பலர் இம்மண்ணிலேயே வேரூன்றினர். எனினும் அவர் குடியிருந்த அறை அவர்க்குச் சொந்தமாகவில்லை.

இதிலுள்ள முரண்பாட்டை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சில காலம் தங்க வந்த துரை சென்றுவிட்டார். அவர் வீடு மரபுச் செல்வமாய் நிற்கிறது. நிலைத்து வாழ வந்தவன் இங்கேயே இருக்கிறான். அவன் வீடோ சுவடின்றி மறைகிறது.

அங்ஙனமாயின் லயங்களை இடிக்கலாகாதோ? அப்படி நாம் கூறினால், அவற்றின் புகையிலும் ஈரத்திலும் பிள்ளை வளர்த்த தாய்மார் நம்மை மன்னியார். லயம் போகட்டும், அதன் இடத்தில் தொழிலாளிக்குச் சொந்தப் பத்திரத்தோடு கூடிய நல்ல வீடு வரட்டும். இதுவே முதற் கடமை. ஆனால் இடிக்குமுன் எழுதிவைக்க வேண்டும் என்பது இரண்டாங் கடமை.

இவ்விஷயத்தில் அதே செஸ்டர் நமக்கு நல்லதோர் பாடம் கற்பிக்கிறது. 1960களில் அங்குப் பழைய தெருக்களின் பின்னே புதிய கடைக்கூடங்கள் எழுந்து ஊர் விரைந்து மாறியது. அப்பொழுது பழைய கட்டடங்களை ஆராயும் பொறுப்பு டொனால்ட் இன்சால் என்பவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவரது அறிக்கை 1968இல் வெளிவந்தது. எது எந்நிலையில் உள்ளது, எதனைக் காப்பது என்று அறிந்த பின்னரே செப்பனிடும் வேலை நடந்தது. நகரசபையும் வரிப்பணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கிற்று. வெறும் பெருமை பேசி அவ்வூர் பிழைக்கவில்லை, கணக்கெடுத்துப் பிழைத்தது.

நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆயினும் சட்டம் தானே எழுந்து லயத்தைத் தேடி வாராது. தோட்டத்து இளைஞரே, நகரத்து அன்பரே! எந்த லயம் எங்கே நின்றது, எத்தனை அறை இருந்தது, பிரட்டுக் களம் எது, தமிழ்ப் பள்ளி எது என்பதை முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்துவையுங்கள். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. ஓய்வுநாள் மாலைகள் சில போதும். துரையின் புகைபோக்கிக்கு எழுதப்பட்ட சரித்திரம் நம் பாட்டியின் அடுப்புக்கும் எழுதப்பட வேண்டும். அதனை எழுத வேண்டியவர் நாமே. கேட்டறிய வேண்டிய முதியோர் இருக்கும்பொழுதே எழுத வேண்டும்.