வசனம் எங்கிருந்து வரணும்? நடு ஸ்பீக்கரின் கதை

இந்த எபிசோடைத் தேனாம்பேட்டையில் எங்க வீட்டு ஹாலிலேயே பதிவு பண்ணினேன். பின்னாடி கேட்கிற ஹாரன் எல்லாம் அண்ணா சாலை உபயம்.

போன மாசம் ஒரு ராத்திரி 2 மணிக்கு டமால்னு ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டா, டிவி தலையில நான் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியிருந்த சென்டர் ஸ்பீக்கர் தரையில கிடக்கு. 6 கிலோ. மத்தியானம் பாட்டி முருங்கைக்கீரை ஆயுற இடம் சரியா அதுதான். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை, பார்த்தாங்க, அவ்வளவுதான். மறுநாள்தான், இந்த ஸ்பீக்கர் எதுக்கு நடுவுல இருக்கணும்னே தெரியாம அதை மாட்டியிருக்கேன்னு உறைச்சுது.

கதை 1933-இல் தொடங்குது. ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு இசைக்குழு வாசிக்க, வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் ஜனங்க உட்கார்ந்து கேட்டாங்க. மேடையில் மனுஷங்க யாரும் இல்லை, மூணு ஸ்பீக்கர்தான். பெல் ஆய்வகம் இந்தப் பக்கம் மூணு மைக், நடுவுல மூணு லைன், அந்தப் பக்கம் மூணு ஸ்பீக்கர்னு வச்சிருந்தது. நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி இசைக்குழு முன்னாடி நிக்கலை. வாஷிங்டனில் உட்கார்ந்து, ஒலி அளவைத் திருகிக்கிட்டு இருந்தார்!

ரெண்டு காதுக்கு எதுக்கு மூணு ஸ்பீக்கர்? இடமும் வலமும் ஒரே குரல் வந்தா, நேர் நடுவுல உட்கார்ந்தவருக்கு அது நடுவுலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். ஓரத்துல உட்கார்ந்தவருக்குக் கிட்ட இருக்கிற ஸ்பீக்கரோட சத்தம் முதல்ல போய்ச் சேரும். முதல்ல வந்த பக்கத்தைத்தான் மூளை நம்பும். ஹீரோ திரையின் நடுவுல நிப்பார், குரல் இடது சுவர்ல இருந்து வரும். நடுவுல நிஜமாவே ஒரு ஸ்பீக்கர் இருந்தா, எந்த சீட்டுலயும் இந்தச் சிக்கல் இல்லை. எங்க வீட்டுல அந்த ஓர சீட்டு பாட்டியோட திவான்.

தியேட்டர்காரங்களுக்கு இடப் பிரச்சினையே கிடையாது. திரையில் பொடிப்பொடியா ஓட்டை போட்டு, ஸ்பீக்கரைப் பின்னாடி வச்சுட்டாங்க. 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானப்போ ஒலி ஒரே ட்ராக்தான். 1953-இல் சினிமாஸ்கோப் வந்தப்போ திரைக்குப் பின்னாடியே மூணு சேனல் ஆச்சு. 70 எம்.எம். படங்களுக்கு அது அஞ்சு. எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல 1964-இல் திறந்த சஃபையர் தியேட்டரைப் பத்திப் பெரியவங்க பேசினா, திரையோட சத்தத்தையும் சேர்த்தே பேசுவாங்க. எழுபதுகளில் டால்பி ஸ்டீரியோ வந்தது. தமிழில் 1995-இல் 'குருதிப்புனல்' அந்த வரிசையில் வந்தது. இந்த முறைகள் எல்லாத்திலும் வசனம் பெரும்பாலும் நடு சேனலுக்குத்தான் போகும்.

வீட்டுக் கதை வேற. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சாலிடேர், டயனோரான்னு நம்ம ஊர்லயே செஞ்ச பெட்டிகள், சிலதுக்கு ஷட்டர் கதவு வேற. அதுல இருந்தது ஒரே ஸ்பீக்கர், ஆனா படத்துக்குப் பக்கத்துலயே, நம்ம முகத்தைப் பார்த்து இருக்கும். அப்போ பாட்டிக்கு ஒரு வசனம்கூடத் தப்பலை. நான் இதை மட்டமான டெக்னாலஜின்னு நினைச்சிருந்தேன், இப்போ அப்படி நினைக்கலை.

1987-இல் டால்பி புரோ லாஜிக் நடு சேனலை வீட்டுக்குக் கொண்டு வந்தது. அந்தக் காலத்து டிவி தலை அகலமான ஷெல்ஃப் மாதிரி இருந்ததால ஸ்பீக்கரை மேலே வச்சுட்டாங்க. ஸ்பீக்கர் காந்தம் படக்குழாயில் கலரைத் திட்டுத்திட்டா மாத்திடும்னு காந்தத் தடுப்பு போட்டே செஞ்சாங்க. அப்புறம் டிவி தட்டையாச்சு. மேலே வைக்க இடம் போச்சு. உள்ளே இருந்த குட்டி ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னாடி பார்த்தோ திரும்பிடுச்சு. "பாட்டு நல்லா கேக்குது கண்ணா, அவன் என்ன பேசுறான்னுதான் புரியலை"ன்னு பாட்டி சொல்றதுக்கு வயசு ஒரு காரணம். இது இன்னொரு காரணம்.

நான் என்ன பண்ணியிருக்கேன்னா, பழைய டிவிக்கான பழக்கத்தைப் புது டிவி மேல ஒட்டியிருக்கேன். தட்டை டிவியின் விளிம்பு எடை தாங்கறதுக்குச் செஞ்சது இல்லை. பின்பக்கச் சூட்டுல டேப் பசையும் இளகும். மேலேதான் வைக்கணும்னா, ஸ்பீக்கருக்குத் தனியா சுவர் பிராக்கெட் வேணும். டிவி பின்னாடி இருக்கிற வெசா ஓட்டைகளில் மாட்டுற தகடும் உண்டு. ஆனா டிவியும் ஸ்பீக்கரும் சேர்ந்த எடை, சுவர் மவுண்ட்டுல போட்டிருக்கிற அளவுக்குள்ள இருக்கணும். ராவல் பிளக் பூச்சோட நிக்காம செங்கல்லுக்குள்ள இறங்கணும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் டிரில் போடவே கூடாது, உள்ளே ஒயர் ஓடும்.

எங்க ஹவுஸ் ஓனர் ஆணிக்கே முகம் சுளிப்பார். அதனால ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, ஸ்டாண்டுக்கு வந்துடுச்சு. மேலே இருந்தா கீழ்நோக்கிச் சாய்க்கணும், கீழே இருந்தா மேல்நோக்கி. உயர் ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போகும். 'ச', 'ஸ', 'ட' எல்லாம் அதுலதான் தெளிவாகும். அது முழங்காலைப் பார்த்துப் பேசினா காதுக்குப் புண்ணியம் இல்லை. கணக்கு சுலபம்: ஸ்பீக்கரின் நடுப்பகுதி தரையிலிருந்து 40 செ.மீ., திவானில் பாட்டி காது 100 செ.மீ., தூரம் 250 செ.மீ. 60-ஐ 250-ஆல் வகுத்தா 0.24. ஸ்பீக்கரின் ஆழம் 25 செ.மீ., அதனால முன்பக்கத்தை 6 செ.மீ. தூக்கினாப் போதும். கதவுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டை ரெண்டு, அடியில் வழுக்காத ஷீட், பின்னாடி சரியாம ஒரு மரச்சட்டம். முகப்பை ஸ்டாண்டு விளிம்பு வரைக்கும் கொண்டு வந்தேன், உள்ளே தள்ளி வச்சா பலகையில் பட்டுக் குரல் மங்குது.

அன்னிக்கு ராத்திரி சீரியல் ஓடிச்சு. பாட்டி பத்து நிமிஷம் கண் சிமிட்டாம பார்த்தாங்க. "இந்த மருமக இவ்ளோ பேசுவாளா? தெரியாமலே இருந்திருக்கலாம்"னாங்க. மறுநாள் மத்தியானம் கீரை முறத்தோட பழைய இடத்துலயே வந்து உட்கார்ந்தாங்க.