பொதியில் மலையின் காணி மொழி

தமிழ் பிறந்த மலையெனப் பொதியிலைப் போற்றுதல் நம் மரபு. அம்மலைத் தொடரின் மேற்குப் புறத்தே, திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உயர்ந்து நிற்பது பொன்முடி. அதனைச் சூழ்ந்த காடுகளில் தொன்றுதொட்டு வாழ்பவர் காணிக்காரர். பொதியிலைப் பாடும் நாம் அம்மலைமக்களின் மொழியை அறிந்தோமா?

காணிக்காரரின் பேச்சு தமிழுக்கும் மலையாளத்திற்கும் நெருங்கிய உறவுடைய திராவிட மொழி. அதனைத் தனிமொழி என்பாரும் கிளைமொழி என்பாரும் உளர். அதற்கெனத் தனி எழுத்து இல்லை. ஊர்த்தலைவரான மூட்டுக்காணியின் சொல்லிலும், நோய் தீர்க்கும் பிலாத்தியின் பாட்டிலுமே அது வாழ்ந்து வந்துள்ளது. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பிப் பிலாத்தி பாடும் சாற்றுப்பாட்டே அம்மக்களின் ஏடு எனலாம்.

1909இல் தர்ஸ்டனும், 1937இல் எல். ஏ. கிருஷ்ண ஐயரும் இவர்தம் வழக்கங்களை நூல்களில் பதிவு செய்தனர். பின்னர், 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் மகிழ்ந்த அந்நாளே, திருவிதாங்கூரில் ஒன்றாயிருந்த காணிக்காரரை இரு மாநிலத்தவராக்கிற்று. பொன்முடிப் பக்கத்துக் குழந்தை மலையாளத்திலும், பேச்சிப்பாறைப் பக்கத்துக் குழந்தை தமிழிலும் கல்வி கற்கலாயிற்று. இரு பள்ளியிலும் தாயின் மொழிக்கு இடமில்லை.

மொழி தேய்ந்தால் தேய்வது சொல் மட்டுமன்று. 1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவரம் தேடிச் சென்ற அறிவியலார் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிய காணிகளோ ஒரு செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடந்தனர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதனைக் கொண்டு பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிறுவனத்தார் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கினர். அதன் உரிமக் கட்டணத்திலும் உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. மருந்தறிவுக்கு விலை கிடைத்தது. அவ்வறிவைத் தலைமுறைதோறும் சுமந்து வந்த மொழிக்கோ எவரும் விலை பேசவில்லை.

மணிப்பூர், மிசோரம், அசாம் மாநிலங்களில் பிரிந்து வாழும் மார் மக்கள், ரோமன் எழுத்தைத் தமதாக்கித் தம் மொழியில் நூல்கள் படைத்துள்ளனர். எல்லைகள் பிரித்தாலும் ஏடு அவர்களை இணைக்கிறது. காணி மொழிக்கும் அத்தகைய ஏடு வேண்டும். தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் அதற்குத் துணையாகலாம்.

அயல் மண்ணில் வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. பள்ளியில் ஒரு மொழியும் இல்லத்தில் ஒரு மொழியுமாக நம் மக்களும் வளர்கின்றனர். ஆயினும் நமக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியம் காவல் நிற்கிறது. காணிக்குழந்தைக்குக் காவல், பாட்டியின் நாவொன்றே. பொதியிலைப் போற்றும் நாம் அந்நாவையும் போற்றுவோமாக!