திருப்பி வாங்கிக்கொண்ட உரிமைகள்: ருஷ்யா, 1881 – 1917

ருஷ்யப் பேரரசன் ஜாரின் வீழ்ச்சி நம்மில் பலருக்குப் பாரதியின் ‘புதிய ருஷ்யா’ வழியாகவே முதலில் அறிமுகமாயிற்று. கவிதையில் அவ்வீழ்ச்சி கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடிகிறது. கவிஞனுக்கு அது போதும். வரலாற்றை வாசிக்கும் நாமோ அந்த நொடிக்குப் பின்னால் கிடக்கும் 36 ஆண்டுகளையும் பார்த்தாக வேண்டும். புரட்சியைத் தவிர்க்கும் வாய்ப்பு அக்காலத்தில் ருஷ்ய அரசுக்குப் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் அது ஏன் கைநழுவியது? (ருஷ்ய நாள்கள் அனைத்தும் இங்கு அந்நாட்டின் பழைய நாட்காட்டியின்படியே தரப்படுகின்றன.)

கிரிமியப் போரில் தோற்ற ருஷ்யாவின் அரசர் இரண்டாம் அலெக்சாண்டர், பண்ணையடிமை முறை கீழிருந்து தகர்க்கப்படும்வரை காத்திராமல் மேலிருந்தே அதை ஒழிப்பது நல்லது என்று 1856இல் மாஸ்கோ பிரபுக்களிடம் கூறினார். 1861இல் அதைச் செய்தும் காட்டினார். பிரபுக்களின் பண்ணைகளில் கட்டுண்டிருந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். ஆனால் தாம் பெற்ற நிலத்துக்கு அவர்கள் 49 ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டியிருந்தது. 1864இல் ஜெம்ஸ்த்வோ எனப்பட்ட உள்ளாட்சி மன்றங்களும் ஜூரி முறை நீதிமன்றங்களும் வந்தன. எனினும், நாட்டை ஆளும் அதிகாரத்தில் குடிமக்களுக்குப் பங்கில்லை. அதன் முதற்படியாக, சட்ட வரைவுகள் குறித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளிடம் ஆலோசனை கேட்கும் திட்டமொன்றை அமைச்சர் லோரிஸ் மெலிக்கோவ் வகுத்தார். 1881 மார்ச் 1 காலை அரசர் அதற்கு இசைவளித்தார். அன்று பிற்பகலே ‘மக்கள் விருப்பம்’ என்ற இரகசிய இயக்கத்தின் வெடிகுண்டுக்கு அவர் பலியானார்.

மகன் மூன்றாம் அலெக்சாண்டர் இதிலிருந்து கற்ற பாடம் ஒன்றுதான்: இளகிய அரசன் கொல்லப்படுவான். தந்தை இசைந்த திட்டம் கைவிடப்பட்டது. முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரத்தை உறுதிசெய்து ஏப்ரல் இறுதியில் அரச அறிக்கை வெளியாயிற்று. கொலையாளிகளை மன்னிக்குமாறு டால்ஸ்டாய் புதிய அரசருக்குக் கடிதம் எழுதினார். பயனில்லை, ஐவர் தூக்கிலிடப்பட்டனர். ஆறாண்டுகளுக்குப் பின், 1887இல், இந்த அரசரையும் கொல்ல முயன்றதாக மாணவர் சிலர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் அலெக்சாண்டர் உல்யானொவ் என்ற இளைஞரும் ஒருவர். பின்னாளில் லெனின் என உலகம் அறிந்தவர் அவருடைய தம்பி.

மகன் கற்ற பாடத்தை முற்றிலும் மூடத்தனம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மோசமான அரசு தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் வேளையே அதற்கு மிகவும் ஆபத்தானது என்று பிரெஞ்சு அறிஞர் தொக்வில் 1856இலேயே எழுதியிருந்தார். ஆனால் தொடங்கியதை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கும் என்று அதற்குப் பொருளில்லை. பாதி திறந்த கதவை அறைந்து சாத்தினால், வெளியே நிற்பவன் வீடு திரும்புவதில்லை. கதவை உடைக்க வழி தேடுகிறான்.

இரண்டாம் நிக்கோலஸ் காலத்திலும் கதவு சாத்தியே இருந்தது. அரசு நிர்வாகத்தில் ஜெம்ஸ்த்வோக்கள் பங்கு கேட்பதைப் பொருளற்ற கனவு என்று 1895இல் அவர் இகழ்ந்தார். டால்ஸ்டாய் 1902இல் அவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். ‘அன்புச் சகோதரரே’ என்று அரசரை விளித்த அக்கடிதம், எதேச்சாதிகாரம் காலாவதியான ஆட்சிமுறை என்றது. வீதிகளில் ஆரவாரிக்கும் கூட்டத்தை மக்களின் அன்பென்று நம்பிவிட வேண்டாம், அது பெரும்பாலும் காவல்துறை திரட்டிய கூட்டம் என்றும் எச்சரித்தது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் வாக்கு. நிக்கோலசுக்கு இடித்துரைப்பவர் இருந்தார். கேட்கும் செவிதான் இல்லை.

1905 ஜனவரி 9 அன்று, ஜாரின் படங்களை ஏந்தி மனுக்கொடுக்கச் சென்ற தொழிலாளர்கள் பீட்டர்ஸ்பர்க்கில் சுடப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பணிந்த மனு தராததை அக்டோபரில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் பெற்றுத் தந்தது. குடியுரிமைகளும் ‘டூமா’ என்ற நாடாளுமன்றமும் அறிவிக்கப்பட்டன. கொந்தளிப்பு அடங்கியதும் கொடுத்த கை திரும்ப நீண்டது. முதல் டூமா 1906இல் பத்தே வாரங்களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் டூமாவை 1907 ஜூனில் கலைத்தபோது, அரசு தான் இயற்றிய அடிப்படைச் சட்டத்தையே மீறி, நிலவுடைமையாளருக்குச் சாதகமாகத் தேர்தல் விதிகளை மாற்றியது. மனுவால் கிடைக்காதது கலகத்தால் கிடைக்கும், கலகம் ஓய்ந்தால் கிடைத்ததும் போய்விடும் என்று மக்களுக்குக் கற்பித்தது அரசேயன்றி எந்தப் புரட்சிக்காரரும் அல்லர்.

1917 பிப்ரவரியில் தலைநகரம் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியபோது, மக்களின் நம்பிக்கைக்குரிய அமைச்சரவையை உடனே அமைக்குமாறு டூமாவின் தலைவர் ரொஜியான்கோ தந்தி அடித்தார். அரசர் டூமாவின் கூட்டத்தொடரை நிறுத்திவைத்தார். படைவீரர்களும் மக்களோடு சேர்ந்த பிறகு, மார்ச் 1 இரவு, டூமாவுக்குப் பொறுப்பான அமைச்சரவைக்கு இசைந்தார். காலம் கடந்துவிட்டது என்றே பதில் வந்தது. மறுநாள் முடி துறந்தார். 1881 மார்ச் 1இல் தந்தைவழிப் பாட்டனார் தாமே தர முன்வந்ததைவிடப் பெரியதொன்றை, 36 ஆண்டுகள் கழித்து அதே நாளில் பேரன் தந்தும், பெற்றுக்கொள்ள ஆளில்லை.

உலகப் போரே காரணம் என்பார் உண்டு. அதே போரில் சிக்கியிருந்த பிரிட்டனில், 1916 டிசம்பரில் ஆஸ்குவித் விலகி லாயிட் ஜார்ஜ் பிரதமரானார், அரியணை அசையவில்லை. அதிருப்தி வடிய அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது. ருஷ்யாவில் எல்லாப் பழியும் ஒரே மனிதன் மேல்தான் வந்து விழ வேண்டியிருந்தது.

எதேச்சாதிகார அரசு தன்னைத் தானே திருத்திக்கொண்டதுண்டா? தைவான் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1949 முதல் நீடித்த இராணுவச் சட்டத்தை, மக்கள் போராட்டங்களுக்கும் அயல்நாட்டு நெருக்குதலுக்கும் நடுவே, கோமின்டாங் கட்சியின் சியாங் சிங்-குவோ 1987இல் நீக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு தடையை மீறித் தோன்றிய எதிர்க்கட்சியையும் அவர் ஒடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்தோரும் கொடுத்ததைப் பறிக்கவில்லை. 1996இல் அதிபரை மக்களே தேர்ந்தெடுத்தனர். 2000இல் கோமின்டாங் தோற்றது. 2008இல் வாக்குகளாலேயே மீண்டது. தோற்கச் சம்மதித்த கட்சி பிழைத்தது. தோற்கச் சம்மதியாத ரொமானொவ் குடும்பமோ 1918இல் ஒரு நிலவறையில் சுட்டுக் கொல்லப்பட்டது.

இழப்பு அரச குடும்பத்தோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. ஜாருக்குப் பின் ருஷ்ய மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை 1918 ஜனவரி 5 அன்று கூடியது. மறுநாளே போல்ஷெவிக் அரசு அதைக் கலைத்தது. பிடிக்காத மன்றத்தைக் கலைத்துவிடலாம் என்ற பழக்கம் ஜாரோடு சாகவில்லை. சீர்திருத்தத்தை மறுக்கும் அரசு தன் முடிவை மட்டும் தேடிக்கொள்வதில்லை. தனக்குப் பின் வருவோர் எப்படி ஆள்வார்கள் என்பதையும் தீர்மானித்துவிட்டே போகிறது.