பூனாவும் பூப்பந்தும்

புனேயில் குடியேறிய தமிழர் சிலர், இவ்வூர் ஆடுகளங்களை வேற்றார் இடமெனக் கருதித் தம் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகின்றனர். வரலாற்றை நோக்கின் அத்தயக்கத்திற்குக் காரணமில்லை.

இறகுப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குத் தங்கியிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் அதனை வலைகட்டி ஆடினர். அந்நாளில் அதற்குப் 'பூனா' என்றே பெயர். இங்கிலாந்து சென்ற பின்னரே பியூபோர்ட் கோமகனின் பாட்மிண்டன் மாளிகைப் பெயர் அதற்கு வந்தது. ஊர்ப்பெயர் மறைந்து மாளிகைப்பெயர் நிலைத்ததில் வியப்பென்ன? பெயரிடும் உரிமை அன்று அவர்களிடமன்றோ இருந்தது!

காற்று வீசினால் இறகு நிலைகொள்ளாது. அப்போது கம்பளிநூற் பந்தைக் கையாண்டனர். நம் பூப்பந்தாட்டமும் கம்பளிப் பந்தினால் ஆடுவதே: திறந்தவெளி, பக்கத்திற்கு ஐவர், மஞ்சள் பந்து. 1856 அளவிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் இதனை ஆடினர் என்பர். அக்குடும்பமோ சிவாஜியின் தம்பி ஏகோஜி வழிவந்த மராட்டியக் குடும்பம்! மராட்டியர் தஞ்சையில் ஆடியது தமிழர் ஆட்டமாயிற்று.

சடுகுடுவுக்கு மராட்டியத்தில் 'ஹுதுதூ' என்று பெயர். பாடும் சொல் வேறு. அடக்கும் மூச்சு ஒன்றே.

கோ-கோவை நம்மில் பலர் ஊர்ப் பள்ளியிலேயே ஆடியிருப்போம். அதற்கு 1914-இல் விதி வகுத்தது இந்நகரின் டெக்கான் ஜிம்கானா. துரத்துபவர் நடுக்கோட்டைக் கடத்தல் கூடாது. அமர்ந்திருப்பவரைப் பின்னின்று தொட்டுக் 'கோ' என்றால், அவர் எழுந்து ஓடுவார். மராத்தி அறியாத தமிழ்ச் சிறுவனுக்கும் ஆட்டத்தில் சேர அவ்வோரெழுத்துப் போதும்.