கேமரன் மலைத் தோட்ட மருத்துவப் பணியாளரும் பணிவழித் தன்கற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

தன்வழிக் கற்றல் என்னும் கருத்தைக் கல்வியியலில் பரவலாக்கிய நூல்களுள் அமெரிக்க அறிஞர் மால்கம் நோல்ஸ் 1975இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. கற்பவர் தம் தேவையைத் தாமே உணர்தல், அதற்குரிய வழியைத் தாமே தேடுதல், பெற்ற பயனைத் தாமே மதிப்பிடுதல் ஆகியவை அதன் சாரம். இன்று தாதியர் கல்வியில் இக்கருத்து பெரிதும் வலியுறுத்தப்படுகின்றது. எனினும் சொல் புதிதேயன்றிச் செயல் பழையது. மலேசியத் தோட்டப்புற மருத்துவப் பணியாளரிடையே அச்செயல் எவ்வாறு அமைந்தது, அதில் எப்பகுதி ஏற்புப் பெற்றது என்பவற்றைக் கேமரன் மலையை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கின்றது.

பகாங் மாநிலம் உள்ளடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகங்கள்மீது சுமத்தியது. கேமரன் மலையில் 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது; 1930களின் தொடக்கத்தில் தாப்பா சாலை தானா ராத்தாவை எட்டியது. பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையிலுள்ள திரிங்காப், இம்மலையின் வடபகுதியைச் சார்ந்தது. சிம்பாங் பூலாய் சாலை வருமுன், அப்பகுதியினர் சமவெளியை அடையத் தானா ராத்தா சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலையில் தாப்பாவுக்கு இறங்க வேண்டியிருந்தது.

இத்தகைய நிலவமைப்பில், தோட்ட மருந்தகத்தில் இருந்தவரே நோயாளிக்கு முதல் துணையாவார். தோட்டங்களில் மருத்துவர் குறித்த நாள்களில் வந்து செல்பவர். நாள்தோறும் பணியில் இருந்தவர் 'டிரசர்' என்று அழைக்கப்பட்ட உதவியாளர். மூத்தவர் ஒருவரிடம் உடனிருந்து பழகித் தொழில் கற்றோர் இவருள் பலர். ஆயினும் அப்பழக்கம் ஒருவரின் பணிக்காலம் முழுவதற்கும் போதுமானதாக இருந்திருக்க முடியாது. மருந்துகளின் வரலாறே இதற்குச் சான்று. 1930இல் கொயினாவையும் கொக்கிப்புழுவுக்குரிய செனப்போடியம் எண்ணெயையும் அறிந்து பணியேற்ற ஒருவர், அப்பத்தாண்டு முடிவதற்குள் சல்ஃபா மருந்துகளையும், 1945க்குப் பின் பெனிசிலினையும், 1952க்குப் பின் காசநோய்க்குரிய ஐசோனியசிட்டையும் கற்றாக வேண்டும். அளவு, பக்கவிளைவு, கொடுக்கக் கூடாத நிலை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிய வேண்டும். தன்கற்றல் அவருக்கு விருப்பப் பாடமாக இல்லை. கற்கத் தவறினால் அதன் இழப்பை நோயாளியே ஏற்க நேரும்.

மொழி மற்றொரு சுமையாகும். மருந்துக் குறிப்பும் பதிவேடும் ஆங்கிலத்தில். நோயாளி கூறுவதோ தமிழில். 'நெஞ்சடைப்பு', 'குளிர் காய்ச்சல்', 'வயிற்றுக் கடுப்பு' என்பன போன்ற சொற்களை நோய்ப்பெயர்களோடு பொருத்தியறிதல் எப்பாடத்திட்டத்திலும் இல்லாத கல்வி. இதற்கு முன்னோடி தமிழுலகில் இருந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857இல் பிரசவ வைத்தியத்தையும் 1872இல் மனுஷ அங்காதிபாதத்தையும் தமிழில் வெளியிட்டதோடு, தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார். அவ்வழி மலாயாவில் தொடரவில்லை. ஆகவே தோட்டப் பணியாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சொற்றொகுதியை மனத்தில் தொகுத்துக்கொண்டனர் எனலாம், அது நூலாகவில்லை.

விடுதலைக்குப் பின் சட்டம் இக்கல்வியின் ஒரு பகுதியை ஏற்றது. தாதியர்க்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கனவே இருந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இலும், பேறுகாலப் பணிப்பெண்டிர்க்கான சட்டம் 1966இலும் இயற்றப்பட்டன. பதிவு தகுதியற்றோரைத் தடுத்து நோயாளியைக் காத்தது, இந்நன்மை மறுக்கற்பாலதன்று. ஆனால் பதிவேடு மனிதரைப் பதிந்ததேயன்றி, அவர்தம் அறிவைப் பதியவில்லை. குறிப்பாக, லயன் வீடுகளில் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியரும், ஆயாக் கொட்டகையில் குழந்தைகளின் காய்ச்சலை முதலில் கண்டறிந்த ஆயாக்களும் கைப்பழக்கத்தால் கற்றதை நாம் இன்று ஆவணத்தில் தேடிப் பெறுதல் அரிது. ஆண் டிரசருக்குப் பதவிப்பெயர் கிடைத்தது. இப்பெண்டிரின் கற்றல் கல்வியென்றே எண்ணப்படவில்லை.

இவ்வினா கடந்தகாலத்தோடு முடிவதன்று. இன்று மலேசியத் தாதியர் தம் ஆண்டுப் பணிச்சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் பெற வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டினர் பெருமளவில் பணிபுரிகின்றனர். அன்று தமிழ்ச் சொல்லுக்கு டிரசர் செவிகொடுத்தது போல, இன்று ஒரு தாதி வங்காளச் சொல்லுக்கும் நேப்பாளச் சொல்லுக்கும் செவிகொடுக்க வேண்டியுள்ளது. கருத்தரங்கில் அமர்ந்த மணிநேரத்தைக் கணக்கிடுதல் எளிது. நோயாளியின் படுக்கையருகே கற்றதைக் கணக்கிடுதல் அரிது.

தோட்ட மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் முதுமையில் உள்ளனர். அவர்கள் நினைவிலுள்ள நோய்ச்சொற்களையும் கற்ற முறைகளையும் வாய்மொழி வரலாறாகத் தொகுப்பதற்குத் தமிழாசிரியரும் இந்திய ஆய்வியல் மாணவரும் ஏற்றவர்கள். அவர்தம் கேள்வி, 'என்ன பணி செய்தீர்கள்?' என்பதோடு நின்றுவிடாமல், 'அதை எவ்வாறு கற்றீர்கள்?' என்றும் தொடர வேண்டும்.