வட்டமே அரங்கு

கொங்கு நாட்டில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால், கோயில் முன்னுள்ள வெறுந்தரை ஆடுகளமாகிவிடும். அன்னூர், காரமடை வட்டாரத்தில் அந்தக் களத்துக்கு உரிய கலைகளில் ஒன்று வள்ளி ஒயில் கும்மி. வள்ளி பிறந்து, நம்பிராஜன் வீட்டில் வளர்ந்து, தினைப்புனம் காத்து, முருகனை மணப்பது வரை கதை பாட்டாலேயே நகரும். வாத்தியார் ஓரடி பாடுவார்; சலங்கை கட்டியவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே சுற்றி ஆடுவார்கள். மேடையில்லை, திரையில்லை, கூரையில்லை. வசதியில்லாத ஊர்கள் அப்படித்தான் ஆடியிருக்கும் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் இக்கலையின் உருவத்தையே தீர்மானித்தது அந்தத் திறந்தவெளிதான் என்பது என் வாதம்.

இதே கதையைச் சங்கரதாஸ் சுவாமிகளும் (1867–1922) 'வள்ளி திருமணம்' என்ற இசை நாடகமாக எழுதினார். அது மேடைக்கு ஆனது. நடிகர் முகம் பார்வையாளரை நோக்கியிருக்கும், ஆர்மோனியம் ஓரத்தில் இருக்கும். கும்மியின் வட்டத்துக்கோ முன்புறம், பின்புறம் என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் நின்றாலும் கதை காதில் விழும். ஒலிபெருக்கி வராத காலத்தில் ஒற்றைக் குரல் எட்டாத இடத்துக்கும் பாட்டைக் கொண்டுபோனது, ஆடுபவர்கள் திருப்பிப் பாடும் அந்த அடிதான். திறந்தவெளியில் நடப்பதெல்லாம் அதற்காகவே பிறந்ததல்ல. இத்தாலியின் வெரோனாவில் 1913இல் வெர்டியின் 'ஐடா' இசைநாடகத்தை ரோமானியர் கட்டிய திறந்த அரங்கில் நடத்தினார்கள். அங்கே கோடைகால இசைநாடக விழா அப்படித்தான் தொடங்கியது. 'ஐடா' மண்டபத்துக்காக எழுதிய படைப்பு, பிறகு வெளியே வந்தது. கும்மி உள்ளே இருந்ததே இல்லை.

'ஆட்டத்தின் காலத்தைக் குறித்தது கோயில்தானே, வெளிக்கு இதில் என்ன பங்கு?' என்று கேட்கலாம். கோயில்தான் குறித்தது, மறுப்பில்லை. ஆனால் அன்னூர் நெடுங்காலம் மானாவாரி பூமி. சோளமும் கம்பும் வீடு சேர்ந்து, அடுத்த மழைக்குக் காடு காத்துக்கிடக்கும் கோடையில்தான் ஆளுக்கும் ஓய்வு, களத்துக்கும் ஓய்வு. பரண்மேல் நின்று குருவி ஓட்டும் வள்ளி அந்தக் கூட்டத்துக்கு அயலாளும் அல்ல.

இன்று இக்கலை மாறிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்ரப்பன். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதை மரபு மீறல் என்பவர்கள் வட்டத்தின் இயல்பை மறக்கிறார்கள். ஆள் கூடினால் அதை அகட்டிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி ஆடும் மாநாட்டுக் கும்மியைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. அங்கே ஆட்டம் பிரமுகர் மேடையை நோக்கித் திரும்புகிறது. ஊர்க்கூட்டம் சாதிக்கூட்டமாகவும் சுருங்கக்கூடும். பாட்டைப் பதிவுசெய்து வைப்பதும் வாத்தியாரைக் கௌரவிப்பதும் நல்ல காரியங்களே. அவற்றோடு, கோயில் முன்னுள்ள வெற்றிடத்தில் கடையும் கட்டடமும் எழும்பாமல், எல்லாரும் வந்து நிற்கும் பொது இடமாக அதைக் காப்பதும் கலைப் பாதுகாப்பில் சேர்த்தி.