வயிற்றுப்புண் முதல் கல்லீரல் மாற்று வரை – பிரிட்டனில் ஒரு மருத்துவத் துறை வளர்ந்த கதை

வயிறு எரிகிறது என்றால் இன்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். 1940-களில் லண்டனில் ஒரு தொழிலாளிக்கு இதே தொல்லை வந்திருந்தால் கதையே வேறு. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால். காரம், புளிப்பு, பொரித்தது எதுவும் கிட்டே வரக்கூடாது. அமிலத்தைத் தணிக்க சோடா மாதிரியான பொடிகள். இதற்கும் கேட்கவில்லை என்றால் கத்திதான். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

அன்றைய பிரிட்டனில் இது ஏதோ சில்லறை நோய் அல்ல. வயிற்றுப்புண் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதுவும் சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் வயிற்றுக்காரர்கள் நிறையப் பேர். புண் உடைந்து ரத்தமாக வாந்தி எடுத்தால் உயிரே போகலாம்.

இருந்தும் வயிற்றுக்கென்று தனி மருத்துவர் என்ற எண்ணத்தை அந்நாட்டு மருத்துவ உலகம் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. நல்ல மருத்துவர் என்றால் தலை முதல் கால் வரை பார்க்கத் தெரிந்தவர், ஒரே உறுப்பைக் கட்டிக்கொண்டு அழுபவர் கொஞ்சம் மட்டு என்பதுதான் பழைய மனப்பான்மை. 1937-ல் ஆர்தர் ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் இத்துறையில் ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். பெயரே 'கிளப்'தான். அதுதான் பின்னால் பிரிட்டிஷ் இரைப்பை குடலியல் சங்கமாக வளர்ந்தது.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) தொடங்கியது. சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் ஆஸ்பத்திரிகளை அரசின் கீழ் கொண்டுவந்தார். வைத்தியம் பார்க்கும் இடத்தில் நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரு மருத்துவத் துறை வளர்வதற்கு வேறொரு விஷயம் முக்கியமாக இருந்தது. அதுவரை பெரிய நிபுணர்கள் பணக்கார நோயாளிகள் இருக்கும் ஊர்களிலேயே குவிந்து கிடந்தார்கள். அரசுச் சம்பளம் வந்த பிறகுதான் ஒரு சாதாரண மாவட்ட ஆஸ்பத்திரியிலும் நிபுணர் ஒருவர் உட்கார முடிந்தது. தனித்துறைகள் ஊர் ஊராகப் பரவியதற்கு அடிப்படை இதுதான்.

இத்துறை வேர் விட்ட இடமும் புகழ்பெற்ற போதனா மருத்துவமனை எதுவும் அல்ல. லண்டனின் வடமேற்கில், தொழிற்சாலைகள் நிறைந்த பார்க் ராயல் பகுதியில் இருந்த சென்ட்ரல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியோடு சேர்ந்திருந்த இடம். அங்கே ஃபிரான்சிஸ் ஏவரி ஜோன்ஸ் என்ற மருத்துவர் வயிற்று நோய்களுக்கென்று ஒரு பிரிவையே கட்டி எழுப்பினார். சுற்றிலும் தொழிலாளர்கள், அவர்களிடம் ஏராளமான வயிற்றுப்புண். ஆராய்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

1946-ல் ஏவரி ஜோன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார் ஓர் இளைஞர். பெயர் ரிச்சர்ட் டால். ஆமாம், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய அதே டால்தான். அவர் கணக்குப் பழகியது வயிற்றுப்புண்ணில். எந்தத் தொழிலில் யாருக்கு எவ்வளவு புண் வருகிறது என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை விசாரித்து எடுத்த ஆய்வு 1951-ல் அறிக்கையாக வந்தது. அதைவிட சுவாரசியமானது 1956-ல் வந்த இன்னொன்று. கட்டுப்பாடான பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவர்களையும் சாதாரணச் சாப்பாடு சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புண் ஆறுவதில் வித்தியாசமே இல்லை! பல்லாண்டுகளாக மனிதர்களைப் பால் குடிக்க வைத்துக் கொடுமைப்படுத்தியது வீண். 1958-ல் இன்னொன்றும் தெரிந்தது: சிகரெட்டை விட்டால் இரைப்பைப் புண் சீக்கிரம் ஆறுகிறது.

1962-ல் டால் சோதித்துப் பார்த்த மருந்து ஒன்று தமிழர்களுக்கு அறிமுகமான வேரிலிருந்து வந்தது. அதிமதுரம்! அதிலிருந்து எடுத்த கார்பினாக்ஸலோன் என்ற மருந்து இரைப்பைப் புண்ணை உண்மையாகவே ஆற்றியது. ஆனால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். அதனால் அது நிலைக்கவில்லை. (மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்பவர்கள் கவனிக்க.)

அடுத்து, வயிற்றுக்குள்ளே எட்டிப் பார்க்கும் கருவி. அதுவரை இருந்தவை அரைகுறையாக வளையும் குழாய்கள்; விழுங்குவது தண்டனை. 1954-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபிலிருந்து சென்ற நரிந்தர் சிங் கபானியும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து, வளைந்து நெளிந்தாலும் படத்தைக் கடத்தலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் இருந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அதைப் படித்துவிட்டு அவர்களைப் பார்க்க லண்டனுக்கே வந்தார். அவரும் முன்பு ஏவரி ஜோன்ஸிடம் பயிற்சி பெற்றவர்தான்! 1957-ல் தன் கருவியைத் தானே விழுங்கிச் சோதித்துவிட்டுப் பிறகு நோயாளிகளிடம் பயன்படுத்தினார். யோசனை பிறந்தது லண்டனில், கருவியானது அமெரிக்காவில், அதை மெருகேற்றி உலகம் முழுக்க விற்றது ஜப்பான்.

மருந்து விஷயத்தில் அப்படி விட்டுவிடவில்லை. லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் 1964-லிருந்து ஜேம்ஸ் பிளாக்கின் குழு ஒரே பிடியாக வேலை செய்தது. ஹிஸ்டமின்தான் இரைப்பையை அமிலம் சுரக்கச் சொல்கிறது. அந்தக் கட்டளை போய்ச் சேரும் வாசலை அடைத்துவிட்டால்? முதலில் வந்த மருந்து வாய்வழியாகச் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்தது சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைத்தது. மூன்றாவதுதான் சிமெடிடின், 1976-ல் விற்பனைக்கு வந்தது. வயிற்றுப்புண் ஆபரேஷன்கள் மளமளவென்று குறைந்தன. பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்ப வந்தது. அதற்கான காரணம் ஒரு பாக்டீரியா என்பதை 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டுபிடித்து 2005-ல் நோபல் பெற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆன்டிபயாடிக், அவ்வளவுதான். கவலையால் வரும் நோய், கோபக்காரர்களுக்கு வரும் நோய் என்றெல்லாம் எழுதிய பக்கங்கள் பழங்கதையாயின.

கல்லீரலுக்கு இப்படி ஒரு எளிய முடிவு இல்லை.

பிரிட்டனில் கல்லீரல் மருத்துவம் என்றால் முதலில் வரும் பெயர் ஷீலா ஷெர்லாக். 1918-ல் பிறந்தவர். பெண் என்பதால் இங்கிலாந்தில் மருத்துவக் கல்லூரி இடம் கிடைக்கவில்லை. எடின்பரோ போனார், 1941-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். பிறகு லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி. போர்க்காலத்தில் மஞ்சள் காமாலை பரவியிருந்தபோது, உயிரோடு இருப்பவரின் கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைக் கையில் எடுத்தார். அதுவரை கல்லீரலை ஒழுங்காகப் பார்க்க முடிந்ததெல்லாம் பிணப் பரிசோதனை மேஜையில்தான்.

கல்லீரல் கெட்டவர்கள் ஏன் நினைவு தடுமாறி மயக்கத்தில் விழுகிறார்கள் என்பதை ஷெர்லாக்கும் சகாக்களும் 1954-ல் விளக்கினார்கள்: குடலில் புரதத்திலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள்கள் கல்லீரலில் வடிகட்டப்படாமல் நேராக மூளைக்குப் போகின்றன. 1955-ல் அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. 1959-ல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மருத்துவப் பேராசிரியரானார். பிரிட்டனிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். உலகெங்கிலுமிருந்து வந்து அவரிடம் படித்தவர்கள் அவரவர் நாட்டில் துறைகளைத் தொடங்கினார்கள்.

அவரிடம் பயின்ற ரோஜர் வில்லியம்ஸ் 1966-ல் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் தனிக் கல்லீரல் பிரிவு தொடங்கினார். 1968 மே 2 அன்று கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்தார். உலகில் முதலாவது 1963-ல் அமெரிக்காவில் நடந்துவிட்டது. ஐரோப்பாவின் ஆரம்பகால முயற்சிகளில் இதுவும் ஒன்று. வேண்டாம் என்றுதான் கால்னின் சக மருத்துவர்கள் சொன்னார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஃபிரான்சிஸ் மூர் என்ற அனுபவசாலி ஊக்கம் கொடுத்து ஆபரேஷனில் உதவியும் செய்தார். அந்த நோயாளி சில மாதங்களே வாழ்ந்தார். அடுத்த பத்தாண்டுகளும் பெரும்பாலும் இதே கதி. விடாப்பிடியாகத் தொடர்ந்தது துணிச்சலா, நோயாளிகளை வைத்துப் பார்த்த சோதனையா என்று அன்று கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். 1970-களின் கடைசியில் சைக்ளோஸ்போரின் வந்த பிறகு நிலைமை மாறியது. மாற்று உறுப்பை உடம்பு நிராகரிப்பதைத் தடுக்கும் அந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கால்னே முன்னோடி.

மருந்து மட்டும் போதாது, கல்லீரல் கொடுக்க ஆள் வேண்டும். 1980-ல் பி.பி.சி.யின் ஒரு நிகழ்ச்சி, தானம் கொடுப்பவர்கள் உண்மையில் இறந்தவர்கள்தானா என்று கேட்டது. உறுப்பு தானம் சரிந்தது. 1984-ல் அதே பி.பி.சி.யின் இன்னொரு நிகழ்ச்சி கல்லீரலுக்காகக் காத்திருந்த ஒரு குழந்தையைக் காட்டியது. தானம் ஏறியது. பிற்பாடு கல்லீரல் மாற்று செய்யும் மையங்கள் ஏழாயின.

கொடுக்க இருப்பது கொஞ்சம் என்றால் யாருக்குக் கொடுப்பது? 2002 ஜூலையில் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டுக்கு கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அரசுச் செலவில் கல்லீரல் மாற்றப்பட்டது. குடியால் கெட்ட கல்லீரல். அடுத்த ஆண்டே மீண்டும் குடித்தார் என்று பத்திரிகைகளில் வந்ததும் நாடே கொதித்தது. 2005 நவம்பரில், 59 வயதில் இறந்தார். குடிகாரனுக்கு எதற்குக் கல்லீரல் என்று அன்று கேட்டவர்கள், சிகரெட் பிடித்து இதயம் கெட்டவனுக்கு ஏன் ஆபரேஷன் என்று கேட்கவில்லை. குடியால் வரும் கல்லீரல் நோய்க்காக மாற்றுச் சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பழைய குடிக்குத் திரும்புவதில்லை. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது அந்த ஒரு முகம்தான்.

இதே அரசு மருத்துவம் தானே நோயைக் கொடுத்த அத்தியாயமும் உண்டு. 1970, 80-களில் ரத்தம் உறையாத நோயுள்ளவர்களுக்குத் தரப்பட்ட மருந்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. காசு கொடுத்து வாங்கிய, சிறைக்கைதிகளிடமிருந்தும் எடுத்த பிளாஸ்மாவில் செய்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் தப்பவில்லை. 1989-ல் ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது. தானமாக வரும் ரத்தத்தில் அதற்கான சோதனை பிரிட்டனில் தொடங்கியது 1991 செப்டம்பரில்தான். 30,000-க்கும் அதிகமானோருக்கு எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் தொற்றியது, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள் என்று பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடியது, மறைக்கவும் பட்டது என்றார் அவர்.

குடல் பக்கம் ஒரு நல்ல செய்தி. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க கொலோனோஸ்கோப்பி வேண்டும். நாட்டில் அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று மருத்துவர்கள் தங்களையே தணிக்கை செய்துகொண்டார்கள். 9,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான முடிவு மானத்தை வாங்கியது. குழாய் பெருங்குடலின் தொடக்கம் வரை உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது 57 சதவீதத்தில்தான்! மூடி மறைக்காமல் அச்சிட்டார்கள். பயிற்சி மையங்கள், தரச் சான்று, ஒவ்வொரு மருத்துவரின் கணக்கு என்று பிடி இறுகியது. 2006-ல் இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோய்க்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 2011-ல் மறுபடி கணக்கெடுத்தபோது அந்த எண்ணிக்கை 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

கல்லீரலில் இப்படிச் சொல்ல முடியவில்லை. 2013-ல் வந்த ஓர் ஆய்வு, குடியால் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே நல்ல கவனிப்பு கிடைத்தது என்றது. 2014-ல் ரோஜர் வில்லியம்ஸ் தலைமையில் 'லான்செட்' அமைத்த குழு, 1970-லிருந்து கல்லீரல் நோய் மரண விகிதம் 400 சதவீதம் ஏறிவிட்டது என்று எழுதியது. அதே காலத்தில் இதய நோய் மரணங்கள் நன்றாகக் குறைந்திருந்தன. மலிவு விலைச் சாராயத்துக்குக் கடிவாளம் போடுங்கள் என்று வில்லியம்ஸ் 2020-ல் இறக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஸ்காட்லாந்து 2018 மே 1 முதல் ஒரு யூனிட் ஆல்கஹாலை 50 பென்ஸுக்குக் கீழே விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. மதுக் கம்பெனிகள் ஐந்தாண்டுகளுக்கு மேல் கோர்ட்டில் இழுத்தடித்த சட்டம் அது. அதன் பிறகு குடியை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள், சட்டம் இல்லாவிட்டால் இருந்திருக்கும் அளவைவிட 13 சதவீதம் குறைவு என்று 2023-ல் கணக்கிட்டார்கள். 2020-ல் வேல்ஸ் அதே விலையை வைத்தது. 2024 செப்டம்பர் 30-ல் ஸ்காட்லாந்து அதை 65 பென்ஸாக உயர்த்தியபோதும் இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை.